செம்பின் எலக்ட்ரான் சூட்டுக்கு ஓடவில்லை

உலோகத்துக்குள் இருக்கும் கட்டுறா எலக்ட்ரான்கள் வெப்ப ஆற்றலால் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடுகின்றன. ஓடும் வழியில் நேர் அயனிகளில் முட்டி மோதுகின்றன. அந்த மோதல்தான் மின்தடை. இந்த மூன்று வாக்கியங்களையும் ஒரு தேர்விலாவது எழுதாமல் நம்மில் எவரும் பள்ளி இயற்பியலைக் கடந்து வந்திருக்க மாட்டோம். எழுதினால் மதிப்பெண் உண்டு. நானும் எழுதினேன், பிறகு பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

முதல் வாக்கியம் தவறு. இரண்டாவதும் தவறு. மூன்றாவது அந்த இரண்டின் மேல் எழுப்பிய சுவர். 1900இல் பால் ட்ரூட் என்ற ஜெர்மன் அறிஞர் வரைந்த படம் இது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றைக்கு அது துணிச்சலான படம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1928க்குள் அந்தப் படத்தின் அடித்தளம் முழுதும் சரிந்துவிட்டது. நாம் மட்டும் இன்றுவரை அதையே பிள்ளைகளுக்கு உண்மையென்று கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இது உறுத்தத் தொடங்கியது ஓர் ஆய்வக வகுப்பில். செம்புக் கம்பிச் சுருளைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி மின்தடையை அளந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், சூட்டாலதான் எலக்ட்ரான் ஓடுதுன்னா, குளிர வச்சா அது சோர்ந்துதானே போகணும்? மின்சாரம் எப்படி இன்னும் சுலபமாப் போகுது?” கைவசம் இருந்த பதிலைச் சொன்னேன். வேகம் குறைந்தால் மோதல் குறையும், மோதல் குறைந்தால் தடையும் குறையும். அவள் தலையாட்டிவிட்டு அளவெடுக்கப் போய்விட்டாள். அன்று மாலை அந்தப் பதிலைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்கிறேன். எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகள்போல வெப்பத்தால் ஓடுபவை என்றால், அவற்றின் வேகம் தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். மோத வேண்டிய அயனிகளோ இடம் மாறாதவை. மோதலுக்கும் மோதலுக்கும் இடைப்பட்ட தூரம் மாறாது. அப்படியானால் மின்தடையும் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூட வேண்டும். வெப்பநிலை நான்கு மடங்கானால் தடை இரண்டு மடங்கு. ஆனால் செம்பை 300 கெல்வினிலிருந்து 1,200 கெல்வினுக்குக் கொண்டுபோனால் (உருகுவதற்கு இன்னும் 150 கெல்வினுக்கு மேல் மிச்சம் இருக்கிறது) அதன் மின்தடை எண் நான்கு மடங்குக்கும் மேல் போகிறது.

உலை இல்லாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். ஓமின் விதி தெரிந்த யாரும் கணக்கிடலாம். எரியும் டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை ஏறத்தாழ 2,700 கெல்வின், அதாவது அறை வெப்பநிலையின் ஒன்பது மடங்கு. ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று. பாடம் சொல்வது சரியென்றால் அணைந்து ஆறிய பல்பின் தடை 290 ஓம் பக்கம் இருக்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 60, 70 ஓம்தான் காட்டும். மூன்று மடங்கு என்று பாடம் சொன்ன இடத்தில் பதின்மூன்று மடங்கு. இது நுணுக்கப் பிழை இல்லை. இருபது ரூபாய் பல்பு பாடத்தை மறுக்கிறது.

அடுத்தது வெப்ப ஏற்புத்திறன். என்னைப் பொறுத்தவரை இதுதான் ட்ரூடின் படத்துக்கு விழுந்த பலத்த அடி. திண்மப் பொருள் ஒரு மோலுக்கு ஒரு கெல்வின் சூடேற்றச் சுமார் 25 ஜூல் வேண்டும் என்பதை டுலாங்கும் பெட்டிட்டும் 1819இலேயே கண்டார்கள். அணுக்கள் அதிர்வதற்கான கூலி அது. செம்பில் அணுவுக்கு ஒரு கட்டுறா எலக்ட்ரான் உண்டு. அவையும் வெப்பத்தால் ஓடும் வாயுவென்றால் தங்கள் பங்குக்கு மேலும் 12.5 ஜூல் கேட்க வேண்டும். மொத்தம் 37 ஜூலுக்கு மேல் வர வேண்டும். அளந்தால் வருவது 24.4 ஜூல். எலக்ட்ரான்கள் கூலியே கேட்கவில்லை. மிகக் குறைந்த வெப்பநிலைகளில் அணுக்களின் அதிர்வு அடங்கிய பிறகு அளந்து பார்த்ததில், அறை வெப்பநிலையில் அவற்றின் பங்கு 0.2 ஜூல் அளவில்தான் இருக்கும் என்று தெரிந்தது. எதிர்பார்த்ததில் அறுபதில் ஒரு பங்கு. சூட்டை வாங்கிக்கொள்ளாத ஒன்று சூட்டால் ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில் ட்ரூடின் பக்கம் நிற்பவர்கள் வீடமான்–ஃபிரான்ஸ் விதியை எடுத்து வைப்பார்கள். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் அதே விகிதத்தில் கடத்தும் என்று 1853இல் கண்ட விதி அது. ட்ரூட் தன் படத்திலிருந்து அந்த விகிதத்தைக் கணக்கிட்டார், அளவீட்டோடு அழகாகப் பொருந்தியது, உலகம் நம்பியது. ஆனால் அந்தப் பொருத்தத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் கணக்கில் இரண்டு மடங்குப் பிழை ஒன்று இருந்தது. அதைத் திருத்தினால் விடை அளவீட்டில் பாதியாகிவிடும். பாதிவரையாவது வந்ததே என்றால், அதற்கும் காரணம் வேறு. அவர் எடுத்துக்கொண்ட எலக்ட்ரானின் வெப்ப ஏற்புத்திறன் உண்மையைவிட நூறு மடங்கு அளவில் அதிகம்; வேகத்தின் வர்க்கம் உண்மையைவிட நூறு மடங்கு அளவில் குறைவு. இரண்டையும் பெருக்கும் இடத்தில் ஒரு தவறு இன்னொரு தவறைத் தின்றுவிட்டது. விடை சரியாக வந்தது என்பதற்காக வழி சரி என்று கணக்கு வாத்தியார் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். இயற்பியல் பாடம் மட்டும் ஒப்புக்கொள்வானேன்?

சரி, எலக்ட்ரான்கள் ஓடவில்லையா? ஓடுகின்றன. பாடம் சொல்வதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஓடுகின்றன. காரணம்தான் சூடு இல்லை.

1925இல் வுல்ஃப்காங் பௌலி ஒரு தடையை அறிவித்தார்: ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. தற்சுழற்சி இரண்டு விதம் என்பதால் ஓர் ஆற்றல் படிக்கு இருவர், மூன்றாமவருக்கு இடமில்லை. 1926இல் ஃபெர்மியும் டிராக்கும் தனித்தனியாக அதைப் புள்ளியியலாக்கினார்கள். பௌலியே அதை உலோகத்தின் காந்தத்தன்மைக்குப் பயன்படுத்திக் காட்டினார். அடுத்து ம்யூனிக்கில் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு ட்ரூடின் கணக்கு முழுவதையும் புதிய புள்ளியியலில் திரும்பப் போட்டார்.

தெப்பக்குளத்துப் படித்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படிக்கு இருவர்தான் நிற்கலாம். அடிப்படியிலிருந்து ஆட்கள் நிரம்பிக்கொண்டே வருகிறார்கள். கூட்டம் பெரிது, கடைசியாக வந்தவர்கள் மிக உயரத்தில்தான் நிற்க முடிகிறது. அவர்கள் மேலே போனது விருப்பத்தால் அல்ல, யாரும் ஏற்றிவிட்டும் அல்ல, கீழே இடமில்லை. செம்பில் இப்படித்தான். ஒரு கன சென்டிமீட்டரில் 8.5 × 10²² கட்டுறா எலக்ட்ரான்கள். அத்தனை பேரையும் இரண்டிரண்டாக அடுக்கினால் மேல்படி 7 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் போய் நிற்கிறது. அதற்கு ஃபெர்மி ஆற்றல் என்று பெயர். படித்துறை உவமையில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: இங்கே உயரம் என்பது இயக்க ஆற்றல். கீழ்ப்படியில் இருப்பவர் மெல்ல நகர்கிறார், மேல்படியில் இருப்பவர் நொடிக்கு 1,570 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறார். பாடம் சொல்லும் வெப்ப வேகம் நொடிக்கு 117 கிலோமீட்டர்தான்.

இனி சூடு என்ன செய்கிறது என்று பாருங்கள். அறை வெப்பநிலையில் சூட்டின் கை கொடுக்கக்கூடியது 0.026 எலக்ட்ரான் வோல்ட். படித்துறையின் மொத்த உயரத்தில் 270இல் ஒரு பங்கு. நடுப்படியில் நிற்பவரை அது தள்ளினால் அவர் எங்கே ஏறுவார்? மேலே உள்ள படிகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. தள்ளு வீணாகிறது. உச்சியில் உள்ள ஒரு சில படிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் மேலே ஏறுகிறார்கள். வெப்ப ஏற்புத்திறனில் எலக்ட்ரான்கள் கூலி கேட்காத மர்மம் இதுதான். சோமர்ஃபெல்டின் கணக்கு அந்தப் பங்கைச் சுமார் 0.15 ஜூல் என்றது, அளவீடு 0.2. வீடமான்–ஃபிரான்ஸ் விகிதமும் எந்தத் தவறும் எதையும் தின்னாமல் நேராகவே வந்து பொருந்தியது.

தனிச்சுழியில் எல்லா இயக்கமும் நின்றுவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். செம்பைத் தனிச்சுழிக்குக் கொண்டுபோனாலும் அதன் கட்டுறா எலக்ட்ரான் ஒவ்வொன்றும் சராசரியாக 4.2 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலோடு பாய்ந்துகொண்டிருக்கும். சாதாரண வாயு ஒன்றை அந்த ஆற்றலுக்குக் கொண்டுவர 32,000 கெல்வினுக்கு மேல் சூடேற்ற வேண்டும். சூரியனின் மேற்பரப்பே 5,800 கெல்வின்தான். தனிச்சுழியில் ஒரு துளி சூடு இல்லாமல் இத்தனை ஓட்டம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. பள்ளியில் ஒரு பிள்ளைக்காவது இந்தச் சிலிர்ப்பைக் கொடுத்திருக்கலாமே என்ற வருத்தமும் கூடவே வருகிறது.

ஓடும் எலக்ட்ரான்கள் அழுத்தமும் கொடுக்கும். வீட்டில் தண்ணீர் மொள்ளும் செம்பு, உண்மையிலேயே செம்பில் செய்ததென்றால், அதன் சுவருக்குள் எலக்ட்ரான்கள் வெளிநோக்கிக் கொடுக்கும் அழுத்தம் மூன்றே முக்கால் லட்சம் வளிமண்டலம். நேர் அயனிகளின் ஈர்ப்பு அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. உலோகத்தை நசுக்கிச் சுருக்குவது ஏன் அவ்வளவு கடினம் என்பதன் பெரும்பகுதி விளக்கம் இந்த அழுத்தத்தில் இருக்கிறது. செம்பு காட்டும் எதிர்ப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவானது இந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடுகிறது. ட்ரூடின் வாயுவால் இதில் நூறில் ஒரு பங்கைக்கூட விளக்க முடியாது.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம்: அயனிகளில் முட்டி மோதுகிறதாம். செம்பில் அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையே தூரம் 0.256 நானோமீட்டர். அறை வெப்பநிலையில் ஓர் எலக்ட்ரானின் சராசரி மோதலிடைத் தூரம் சுமார் 39 நானோமீட்டர். வரிசையாக 150 அணுக்களைத் தொடாமல் கடந்த பிறகுதான் ஒருமுறை திசை மாறுகிறது. மிகத் தூய செம்பைத் திரவ ஹீலியத்தின் குளிருக்குக் கொண்டுபோனால் அந்தத் தூரம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. ஒரு கோடி அணுக்கள். முட்டுவதுதான் அயனியின் வேலையென்றால், ஒரு கோடி அயனிகள் வழிவிட்டது எப்படி?

வழிவிடத் தேவையில்லை என்று காட்டியவர் ஃபெலிக்ஸ் பிளாக். 1928இல் லைப்சிக்கில் ஹைசன்பர்க்கிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த இருபத்திரண்டு வயது இளைஞர். எலக்ட்ரான் அலை, ஒழுங்காக அடுக்கிய அணிக்கோவையில் அலைக்குத் தடை இல்லை. அயனிகள் எத்தனை இருந்தாலும் சரி, அவை சீராக நிற்கும்வரை எலக்ட்ரான் அவற்றினூடே சிதறாமல் போகும். சீர் குலையும் இடத்தில்தான் சிதறல். அயனிகள் வெப்பத்தால் அதிரும்போது சீர் குலைகிறது. அந்நிய அணு ஒன்று நடுவில் உட்கார்ந்தால் சீர் குலைகிறது. மின்கம்பிக்கு 99.9 விழுக்காட்டுக்கும் மேல் தூய்மையான செம்பைத் தேடி மின்னாற்பகுப்பில் சுத்திகரிக்கிறார்களே, ஏன்? துளி பாஸ்பரஸ் கலந்தாலே கடத்துதிறன் விழுந்துவிடும். எல்லா அயனியும் முட்டுக்கல்தான் என்றால், ஆயிரத்தில் ஒன்று மாறியதற்கா இத்தனை பாடு?

பனிக்கட்டி நீரில் சுருள் என்ன ஆனது என்பதும் இப்போது விளங்குகிறது. அயனிகளின் அதிர்வு ஆற்றல் வெப்பநிலைக்கு நேர்விகிதம், சிதறலும் நேர்விகிதம், தடையும் நேர்விகிதம். வர்க்கமூலத்துக்கு வேலையே இல்லை. பல்பின் டங்ஸ்டன் ஒன்பது மடங்கையும் தாண்டிப் பதின்மூன்றுக்குப் போவதற்கு அந்த உலோகத்தின் சிக்கலான ஆற்றல் பட்டைகள் போன்ற வேறு காரணங்கள் உண்டு. மூன்றில் நிற்பதற்குத்தான் ஒரு காரணமும் கிடையாது.

இதையெல்லாம் பேசினால் சக ஆசிரியர்கள் சொல்லும் முதல் பதில்: “பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா?” வேண்டும்தான். ஆனால் எளிமையாக்குவது வேறு, காரணத்தை மாற்றிச் சொல்வது வேறு. பூமியை உருண்டை என்பது எளிமை. துருவத்தில் அது கொஞ்சம் தட்டை என்பதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்பது எளிமையில்லை. எலக்ட்ரானைச் சூடு ஓட்டுகிறது என்பது இரண்டாவது வகை. இன்னொன்றும் சொல்கிறேன். அதே பிள்ளைகளுக்குப் பக்கத்து அறையில் வேதியியல் ஆசிரியர் பௌலியின் தவிர்ப்புத் தத்துவத்தைப் பதினொன்றாம் வகுப்பிலேயே நடத்திவிடுகிறார். ஓர் ஆர்பிட்டாலுக்கு இரண்டு எலக்ட்ரான்தான் என்று சோடியத்துக்கும் குளோரினுக்கும் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து நிரப்புகிறார்கள். அதே சட்டம் அணுவிலிருந்து கம்பிக்குள் வந்தவுடன் செல்லாமல் போய்விடுமா? புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டாம். கற்பித்ததை மறக்கடிக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது பதில்: “ட்ரூடின் படத்திலிருந்து ஓமின் விதி வருகிறதே.” வருகிறது. எலக்ட்ரான் எதிலாவது சிதறித் தன் திசையை மறக்கும் என்று மட்டும் வைத்துக்கொண்டால் எந்தப் படத்திலிருந்தும் அது வரும். மோதல்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் குறிக்கும் ‘தளர்வு நேரம்’ என்ற எழுத்தை யாரும் விளக்காமல் சமன்பாட்டில் வைத்துவிட்டுக் கிடைத்த விடைக்கு, எலக்ட்ரானை ஓட்டியது எது என்பதில் சாட்சி சொல்லும் தகுதியில்லை. இழுப்புத் திசைவேகச் சமன்பாட்டை நான் எதிர்க்கவில்லை, அது சரி. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடினால் எலக்ட்ரான் கூட்டம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் நகர்கிறது, ஒரு மீட்டர் போக நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டு மாறுமின்னோட்டத்தில் அதுகூட இல்லை. ஒரு மைக்ரோமீட்டருக்குள் முன்னும் பின்னும் ஆடுகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தவறான காரணம் மாணவரை விடாமல் அடுத்த பாடத்திலும் துரத்துகிறது. குறைகடத்திக்கு வந்ததும், சிலிக்கானில் சூடு உண்மையாகவே எலக்ட்ரான்களை விடுவிக்கிறது, அதனால் தடை குறைகிறது என்கிறோம். உலோகத்திலும் சூடு, இங்கும் சூடு. ஒன்றில் தடை ஏறுகிறது, ஒன்றில் இறங்குகிறது. பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் என்ன செய்யும்? உலோகத்தில் சூடு எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ ஒன்றுமே செய்வதில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வேறுபாடு கண்முன் நின்றிருக்கும்.

நம் ஊருக்கு இது எட்டாத தூரத்துச் சரக்கும் இல்லை. 1928இல் சோமர்ஃபெல்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அங்கே இளங்கலை படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ச் சந்தித்தார். சோமர்ஃபெல்டின் பழைய நூலைக் கரைத்துக் குடித்துவிட்டு நம்பிக்கையோடு போனவர் அவர். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று சோமர்ஃபெல்டு நேராகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல், உலோக எலக்ட்ரான்கள் பற்றி அப்போது இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப் படிகளையும் கையில் கொடுத்தார். அந்த மாணவர் அதைக் கொண்டு புதிய புள்ளியியலைத் தானே கற்று, அதைப் பயன்படுத்தி எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது அதே எலக்ட்ரான் நெரிசலை, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரங்களான வெண்குறு மீன்களுக்குள் வைத்துக் கணக்குப் போட்டார். ஒரு வரம்புக்கு மேல் எடை போனால் அந்த நெரிசலின் அழுத்தமும் நட்சத்திரத்தைத் தாங்காது என்று கண்டார். அதுவே இன்று சந்திரசேகர் வரம்பு, ஏறத்தாழ 1.4 சூரிய நிறை. தண்ணீர்ச் செம்பைத் தாங்குவதும் வெண்குறு மீனைத் தாங்குவதும் ஒரே அழுத்தம். அந்த அச்சுப் படிகள் சென்னையில் ஒரு மாணவர் கைக்கு வந்து ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது.

சோமர்ஃபெல்டின் படமும் முடிந்த முடிவு அல்ல. துத்தநாகத்திலும் பெரிலியத்திலும் ஹால் விளைவை (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை) அளந்தால், மின்னோட்டத்தைச் சுமப்பது நேர் மின்னூட்டம்போலத் தோன்றுகிறது. கட்டுறா எலக்ட்ரான்கள் மட்டும் இருக்கும் படத்தில் அதற்கு இடமே இல்லை. பிளாக்கின் அலைகளை வைத்து 1929இல் ருடால்ஃப் பையர்ல்ஸ் அதை விளக்கினார். நிரம்பிய படிகளுக்கு நடுவே விட்டுப்போன காலியிடம் நேர்த்துகள்போல நடந்துகொள்ளும். செம்பின் ஃபெர்மி பரப்பு, அதாவது எலக்ட்ரான்களின் உந்தத்தை வரைந்தால் மேல்படி எடுக்கும் வடிவம், சரியான கோளமும் இல்லை. 1957இல் பிப்பர்டு என்ற இயற்பியலர் அளந்து வரைந்தபோது அதில் கழுத்துகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆனால் இந்தத் திருத்தங்கள் ஒன்றுகூட ட்ரூடின் பக்கம் திரும்பிப் போகவில்லை.

அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாள் என்று தெரியாது. அதே கேள்வியை இப்போது யார் கேட்டாலும் இப்படிச் சொல்வேன்: எலக்ட்ரானைச் சூடு ஓட்டவில்லைம்மா. கீழே இடமில்லாததால் அது எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பனிக்கட்டியில் வைத்தாலும் அதன் வேகம் குறையாது. பனிக்கட்டி செய்ததெல்லாம் அயனிகளின் நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கியதுதான். வழி சீரானது, அதனால் மின்சாரம் சுலபமாகப் போயிற்று. அளவெடுத்து முடித்ததும் அந்தச் சுருளைக் கொதிநீரிலும் போட்டுப் பார். நூறு டிகிரிக்கு நாற்பது விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏறும். வர்க்கமூலக் கணக்கில் பதினேழு விழுக்காடுதான் ஏற வேண்டும். எது வந்தது என்று உன் குறிப்பேட்டில் நீயே எழுது.